கண் டாக்டர் மாடியில!

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை. பொய்யென்றால் எனக்கு மிச்சமிருக்கும் நாலு பல்லும் இன்றைக்கே கொட்டட்டும்!

பால்வினை நோய் கிளினிக்குகளில் ரிசப்ஷனில் இருப்பவர்களுக்குப் பாடம் எடுப்பவர் ஒரு பயிற்சி சார்.

"சிரிச்ச முகம். தணிஞ்ச குரல். வந்தது யாருன்னு மூணாம் மனுஷனுக்குத் தெரியக்கூடாது." இதுதான் பாடம்.

அவர் இன்று சோதிக்க வந்த கிளினிக்கின் ரிசப்ஷன் அம்மாளுக்கோ, கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பேர் ஒலிபெருக்கி. அவள் தும்மினால் தெருமுனையில் நிற்கும் கார் அலாரம் அடிக்கும். மூன்று புகார்க் கடிதங்கள் வந்தாயிற்று. இன்று சார் எழுதப்போகும் ரிப்போர்ட்டில்தான் அவள் வேலை இருப்பதும் போவதும்.

"சார், உள்ளே கண்ணாடி ரூம்ல உட்காருங்களேன்."

"வந்தவங்களோட வந்தவனா உட்கார்ந்தாத்தான்மா உண்மை தெரியும்."

வாசலுக்கு எதிர் நாற்காலியில் நோட்டும் கையுமாக உட்கார்ந்தார். 'குரல்: பூஜ்யம்' என்று குனிந்து எழுதிக்கொண்டிருக்கும்போது கதவு திறந்தது.

"ஏம்மா! போர்டு படிக்கத் தெரியாதா? கண் டாக்டர் மாடியில! இங்கே உனக்கென்ன வேலை? போ, போ!"

சார் நிமிர்வதற்குள் கதவு சாத்திக்கொண்டது. மாடிப்படியில் செருப்புச் சத்தம் மட்டும் தடதடவென்று ஏறியது.

'வந்தவரை விரட்டுகிறாள்' என்று எழுதினார். அவளோ போனை எடுத்து, வாயைக் கையால் பொத்திக்கொண்டு, ஏதோ குசுகுசுத்தாள். 'வேலை நேரத்தில் சொந்தப் பேச்சு.' அதற்கு இரண்டு அடிக்கோடு.

அதற்குமேல் பொறுக்கவில்லை. எழுந்து போனார்.

"உனக்கு எடுத்த பாடத்தை இந்தச் சுவருக்கு எடுத்திருக்கலாம்மா. அந்தப் பொண்ணு என்ன பாவம் பண்ணிச்சு?"

"கதவைத் திறந்தா உள்ளே தெரிஞ்சவர் ஒருத்தர் சார். அவ முகத்துல ரத்தமே இல்லை. அப்படியே திரும்பி ஓடியிருந்தா அவருக்குச் சந்தேகம் வராதா? அதான் வழி தவறி வந்தவளா ஆக்கி மேலே துரத்தினேன். புக் பண்ணின நம்பர் இருந்துது. கூப்பிட்டு, பின்வாசல் வழியா வரச் சொன்னேன். இப்போ டாக்டர்கிட்டதான் இருக்கா."

சார் வாயைப் பிளந்தார்.

"அடேயப்பா! இதைப் பாடத்துலயே சேர்க்கணும் போலிருக்கே! யார் அந்தத் தெரிஞ்சவர்? எந்த நாற்காலி?"

"வாசலுக்கு எதிர் நாற்காலி சார்."

சார் திரும்பிப் பார்த்தார். அதில் அவருடைய பை உட்கார்ந்திருந்தது.

"யார் அவ?" சார் போட்ட சத்தத்தில் கவுண்டர் கண்ணாடி அதிர்ந்தது. "பேரைச் சொல்லு! சொல்லலேன்னா இந்த ரிப்போர்ட் இப்படியே மேலே போகும்!"

ஒலிபெருக்கி சிரித்த முகம் மாறாமல், அவருக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்:

"அப்படியே அனுப்பிடுங்க சார்."

 சார் எழுதின தாளை நாலாகக் கிழித்தார்.

"அவ வெளியே வர்றது எந்த வாசல்?"

"பின்வாசல் சார்."

"அப்போ நான் முன்வாசல்லயே போயிடறேன்மா."

சொன்னது நான்தான் என்று மட்டும் யாரிடமும் மூச்சு விடாதீர்கள். சார் என் மாப்பிள்ளை. தெரிந்தால் எனக்கு வீட்டில் சோறு கிடைக்காது.