மைனா எடுத்த வருகைப்பதிவு

பட்ஜெட்டில் சிங்கமும் புலியும் முட்டிக்கொண்டு யாருமே கையெழுத்துப் போடாததால், காட்டு அலுவலகத்தை மூடிவிட்டார்கள். காவலுக்கு மைனா மட்டும் சம்பளம் இல்லாமல் வரவேண்டுமாம். மற்றவர்கள் வீட்டிலேயே கிடக்கவேண்டுமாம். ஆசைப்பட்டுச் சும்மா வந்து வேலை பார்த்தாலும் குற்றமாம்.

முதல் வாரம் மைனாவுக்கு ஒரே கொண்டாட்டம். யானையின் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, "ஃபைல் எங்கேய்யா?" என்று யானைக் குரலில் அதட்டியது. "இதோ வந்துட்டேனுங்க" என்று கழுதைக் குரலில் தானே குழைந்தது. சிரிக்கத்தான் ஆளில்லை.

இரண்டாம் வாரம் காலைதோறும் வருகைப்பதிவேட்டை விரித்து வைத்து, ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டது. அவரவர் குரலில் தானே "உள்ளேன் ஐயா" சொல்லிக்கொண்டது.

ஒருநாள் "அணில்!" என்று கூப்பிட்டு, "உள்ளேன் ஐயா" என்று அணில் குரலில் தானே கீச்சிட்டபோது வேலிக்கு வெளியே விசும்பல் கேட்டது. அணில்தான்.

"டேய், நீயா? உள்ளே வாயேன்!"

"வந்தா வேலையே போயிடும்டா. என் குரலாவது ஆபீஸ் போகுதே. அதைக் கேட்கத்தான் தினம் வரேன்."

மைனா மறுபடி பதிவேட்டுக்குத் திரும்பியது. பட்டியலில் மிச்சம் இருந்தது ஒரே பெயர். "மைனா!" என்று கூப்பிட்டது. இத்தனை நாள் எல்லார் குரலிலும் பேசியதில், தன் குரல் எதுவென்றே அதற்குப் பிடிபடவில்லை.

வேலிக்கு அப்பால் அணில் தொண்டையைச் செருமி, மைனாவைப் போலவே பேச முயன்று, படுமோசமாகக் கத்தியது:

"உள்ளேன் ஐயா!"