லோனில் வந்த அல்தாப்

"லோன்ல வாங்குன ஆளை ஃபைனல்ல உக்கார வச்சு அழகு பாக்குற ஒரே டீம் நம்ம டீம்தாண்டா!"

வைத்திலிங்கம் போட்ட சத்தத்தில் கொளஞ்சியப்பன் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டார்.

பாடாலூர் மைதானத்தை ஒட்டிய டீக்கடை. ஃபுட்பால் ஃபைனல் தொடங்க அரை மணி நேரம் இருந்தது. பாடாலூரும் லப்பைக்குடிக்காடும் மோதுகின்றன. ஜெயிக்கிற டீம் அடுத்த மாதம் திருச்சியில் போய் ஆடும். பாடாலூர் இதுவரை போனதே இல்லை.

வைத்திலிங்கம் பாடாலூர் டீமின் தலைவர். அவர் முன்னால் தலையைக் குனிந்துகொண்டு நின்ற அறிவழகன் செயலாளர்.

"தமிழரசனுக்கு முட்டி போயிட்டுது தலைவரே. வேற வழி இல்லாமத்தான் லப்பைக்குடிக்காட்டுல அவங்க ஆளு அல்தாப்பை இந்தப் போட்டி முடியற வரைக்கும் கேட்டு வாங்குனேன். நாலு மேட்ச்ல ஆறு கோல் போட்டான்ல?"

"யாரு இல்லேங்குறா? ஆறு கோலைப் போட்டுட்டு இன்னைக்கு மரத்தடியில உக்காந்து கடலை தின்னுட்டு இருக்கான். லோன்ல வந்தவன் சொந்த டீமை எதிர்த்து ஆடக் கூடாதுன்னு ரூல் இருக்குல்ல? அப்புறம் ஏன் அவனுங்ககிட்ட போயி நின்னே?"

"கீழப்பழுவூர்ல கேட்டிருக்கலாம்" என்றார் கொளஞ்சியப்பன். "அங்க ஒருத்தன் ரெண்டு கால்லயும் அடிக்கிறான்."

"அவன் போன வருஷம் பாதி மேட்ச்ல கோவிச்சுக்கிட்டு பஸ் ஏறிட்டாண்ணே."

"வெளியூர் ஆளே வேணாங்குறேன்" என்றார் வைத்திலிங்கம். "தோத்தாலும் நம்ம பயலுவ தோக்கட்டும்."

"அஞ்சு வருஷமா அப்படித்தானே தோத்துக்கிட்டு இருக்கோம்!"

கொளஞ்சியப்பன் சிரிப்பை அடக்க டீ சட்டியைத் திறந்து பார்த்தார்.

அறிவழகன் தயங்கித் தயங்கிச் சொன்னான். "அவங்க டீம் தலைவர் சம்மதிச்சு ஒரு கடுதாசி கொடுத்தா அல்தாப் ஆடலாம். ஷஃபியுல்லா பாய்க்கு ஒரு போன் போடட்டுமா?"

"போடு. அப்படியே இந்த டீமுக்கு வேற தலைவரையும் பாத்துக்க."

பத்தொன்பது வருஷத்துக் கோபம். அன்றைக்கும் ஃபைனல்தான். லப்பைக்குடிக்காட்டிலிருந்து வாங்கியிருந்த கோல் கீப்பரை ஷஃபியுல்லா ஃபைனல் அன்று காலையில் திருப்பிக் கூப்பிட்டுக்கொண்டார். ஆள் இல்லாமல் வைத்திலிங்கமே கோலுக்கு நின்று ஐந்து கோல் வாங்கினார்.

ஒருத்தரோடு பத்தொன்பது வருஷம் பேசாமல் இருப்பது லேசான வேலை இல்லை. அவர் ஏறின பஸ்ஸிலிருந்து இறங்க வேண்டும். அவர் போன் வந்தால் எடுக்கக் கூடாது. வைத்திலிங்கம் ஒருநாள்கூடத் தவறவில்லை.

போன திங்கட்கிழமை அல்தாப் ஒரு கல்யாணப் பத்திரிகையைக் கொண்டுவந்து கொடுத்தான். ஷஃபியுல்லாவின் மகள் ஹுமாவுக்குக் கல்யாணம். அவன் அந்தப் பக்கம் போனதும், வைத்திலிங்கம் உறையைப் பிரிக்காமலே மடித்து, ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டிருந்த டீக்கடை பெஞ்சின் காலுக்கு முட்டுக் கொடுத்துவிட்டார்.

"இதுக்காவது ஆகட்டும்" என்றார்.

இப்போது அதே பெஞ்சில் உட்கார்ந்து, சட்டைப்பையிலிருந்து நான்கு தாள்களை எடுத்தார்.

"கமிட்டிக்குப் புகார். கொடுக்கற மாதிரி கொடுத்து ஃபைனல்ல கழுத்தறுத்துட்டான்னு எழுதியிருக்கேன். எல்லாம் அந்த ஷஃபியுல்லா போட்ட திட்டம்."

"என்ன திட்டம்?"

பின்னால் குரல் கேட்டது. ஷஃபியுல்லாவே வந்து நின்றார்.

வைத்திலிங்கம் ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஷஃபியுல்லா அறிவழகனைக் கேட்டார். "தம்பி, அல்தாப் ஏன் டிரஸ் மாத்தாம உக்காந்திருக்கான்? உடம்புக்கு ஏதாச்சுமா?"

"நீங்க சம்மதம் எழுதிக் கொடுக்கலியே பாய்."

"கொடுத்தேனே! பத்திரிகைக்குள்ளேயே வச்சு அனுப்புனேனே. தலைவர் கையிலதான் கொடுக்கணும்னு சொல்லிவிட்டேன்." பிறகு வைத்திலிங்கத்தின் முதுகைப் பார்த்துச் சொன்னார். "போனைத்தான் எடுக்க மாட்டேங்குற. பத்திரிகையையாவது பிரிப்பேன்னு நெனச்சேன் வைத்தி."

"அல்தாப் எறங்குனா உங்க டீம் தோத்துடுமே பாய்?" என்றார் கொளஞ்சியப்பன்.

"தோத்தா தோத்துட்டுப் போறோம். அவனை உக்கார வச்சுட்டு ஜெயிச்சு என்னத்துக்கு?"

அறிவழகன் பெஞ்சுக் காலைப் பார்த்தான். கொளஞ்சியப்பனும் பார்த்தார்.

வைத்திலிங்கம் எழுந்தார். பெஞ்சைத் தூக்கி உறையை உருவினார். உறை முழுக்க மண்ணும் டீக்கறையும். வேட்டியில் துடைத்துப் பிரித்தார். பத்திரிகைக்குள் ஒரு தாள் இருந்தது. மூன்றே வரி.

'அல்தாப் பாடாலூருக்காக எங்களை எதிர்த்தும் ஆடலாம். எனக்கு முழுச் சம்மதம். அன்றைக்கு உன்னைக் கோலுக்கு நிற்க வைத்தது என் தப்பு வைத்தி.'

அறிவழகன் தாளைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான். "டேய் அல்தாப்! பூட்ஸை மாட்டுறா!"

ஷஃபியுல்லா வைத்திலிங்கம் கையிலிருந்த பத்திரிகையை வாங்கி, மகள் பெயர் மேல் ஒட்டியிருந்த மண்ணைக் கைக்குட்டையால் துடைத்தார். துடைத்து, திரும்ப அவரிடமே நீட்டினார்.

"இருபத்திரெண்டாந் தேதி. வருவியா?"

வைத்திலிங்கம் பத்திரிகையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"கொளஞ்சி... பாய்க்கு ஒரு டீ. இஞ்சி போடாதே, அவருக்கு ஆகாது."

பிறகு நான்கு பக்கப் புகாரை எட்டாக மடித்தார். குனிந்து பெஞ்சுக் காலுக்கு அடியில் திணித்தார். கையால் ஒரு தடவை அழுத்திப் பார்த்தார்.

"உக்காருங்க பாய். சாயாது."