இருபது வோல்ட் விசாரணை

“இது என்ன பெட்டி, மிஸ்?”

தயாளினியின் பையைக் கிளறிக்கொண்டிருந்த துறைமுக வாசல் காவலாளி சட்டென்று நிறுத்தினான். அவன் கையில் சவர்க்காரக் கட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. அதிலிருந்து சிவப்பில் ஒரு வயரும் கறுப்பில் ஒரு வயரும் தொங்கின.

“பவர் சப்ளை. றேடியோ திருத்தக் கொண்டு போறன்,” என்றாள்.

காவலாளிக்கு நம்பிக்கை வரவில்லை. அவளுடைய அடையாள அட்டை, பாஸ் தாள், பெட்டி எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு பாதுகாப்பு அதிகாரியின் அறைக்குள் போனான். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, “சேர் உங்கள வரட்டாம்,” என்றான்.

தயாளினி அவனுக்குப் பின்னால் நடந்தாள். லிங்கநகர் வீட்டின் முன்னறையில் இருந்து படகு றேடியோக்களைத் திருத்துகிறவளுக்குத் துறைமுகத்துக்குள் கிடைத்த முதல் வேலை இது. உள்ளே முனீப்பின் மீன்பிடிப் படகு பின்னேரம் கடலுக்குப் புறப்படக் காத்திருந்தது. றேடியோ வேலை செய்யாமல் புறப்பட முடியாது. இன்றைக்கு அவள் போய்ச் சேராவிட்டால் இனி யாரும் அவளைக் கூப்பிடப்போவதில்லை. அதற்கு முதலில் உள்ளே விடவேண்டுமே! வயரும் இலக்கம் ஓடுகிற பெட்டியுமாகத் துறைமுக வாசலில் பிடிபட்டால் எப்படியிருக்கும் என்று திருகோணமலையில் பிறந்தவளுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

மேசைக்குப் பின்னால் அதிகாரி கலீலுர் றஹ்மான் இருந்தார். சிரிப்பு என்ற சரக்கை அந்த முகம் இறக்குமதி செய்வதே இல்லைபோல.

“இரிங்க,” என்றவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். “இத எங்க வாங்கின?”

“ஒன்லைன்ல, சேர்.”

“எவ்வளவு காலமா வெச்சிருக்கீங்க?”

“ஒரு வருசம் இருக்கும்.”

“சுவரில குத்துற வயரைக் காணல்ல. கரண்ட் எங்கால வருது?”

“பவர் பாங்க்ல இருந்து, சேர். சி டைப் வயரால.”

அவருடைய கண்கள் சுருங்கின. “அதில அஞ்சு வோல்ட்தானே வரும்?”

“இது லப்டொப்புக்கும் குடுக்கிற பவர் பாங்க். பெட்டி முதல்ல ‘எனக்கு இருபது வோல்ட் வேணும்’ எண்டு கேக்கும். பவர் பாங்க் தன்னட்ட இருந்தாத்தான் குடுக்கும். இல்லாட்டி அஞ்சோட நிண்டிடும்.”

“படகுல பற்றறி இருக்கே. அதில நேர குடுத்தா என்ன?”

“பழுதான றேடியோவுக்கு நேர குடுத்தா எரிஞ்சு போகும், சேர். இதில எண்டா கரண்டைக் கட்டுப்படுத்தி வைக்கலாம்.”

“இதெல்லாம் ஆரு சொல்லித் தந்த?”

“நானாப் படிச்சனான்.” சொன்ன பிறகுதான் அது எவ்வளவு மோசமான பதில் என்று உறைத்தது. “பயிற்சி நிலையத்திலயும் படிச்சனான்,” என்று அவசரமாகச் சேர்த்தாள்.

“போட்டுக் காட்டுங்க.”

பையிலிருந்து பவர் பாங்கை எடுத்து வயரைக் குத்தினாள். பெட்டியின் சின்னத் திரையில் இலக்கங்கள் எரிந்தன.

“நில்லுங்க. இந்த வயர் ஏன் இவ்வளவு தடிப்பு?”

“மெல்லிய வயர் சூடாகும். இது அஞ்சு அம்பியர் தாங்கும்.”

“இனி றேடியோவைக் கொழுவுறதா?”

“ஐயோ, இல்ல சேர்! முதல்ல வோல்டேஜை வைக்கவேணும். பிறகு, இதுக்கு மேல போகக்கூடாதெண்டு அம்பியரை வைக்கவேணும். அதுக்குப் பிறகுதான் றேடியோ. கடைசியாத்தான் இந்தப் பொத்தானை அமத்திறது. மாறிச் செய்தா...”

“மாறிச் செஞ்சா?”

‘புகைஞ்சு போகும்’ என்று வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு, “பழுதாப் போகும்,” என்றாள்.

அதிகாரி தன் போனை எடுத்தார். பெட்டியை ஒரு படம் பிடித்தார். வயர் குத்திய இடத்தை ஒரு படம். பவர் பாங்கின் அடியில் இருந்த பொடி எழுத்தைக் குனிந்து நின்று இன்னொரு படம். இந்தப் படங்கள் யார் மேசைக்குப் போகப்போகின்றனவோ என்று பயந்து, தயாளினி மனதுக்குள் பத்திரகாளி அம்மனைக் கூப்பிட்டாள். அந்த நேரம் பார்த்து முனீப்பின் அழைப்பு வந்தது.

“பிறகு எடுங்க,” என்றார் அதிகாரி. கதவை ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “கடைசியா ஒரு கேள்வி. திரை எரியும். ஒரு சின்ன மோட்டரைக் கொழுவினாலும் உடனே அணையும். திரும்ப எரியும், திரும்ப அணையும். அது என்னத்தால?”

“சார்ஜர் குடுக்கிற கரண்ட் காணாது, சேர். பழைய போன் சார்ஜராயிருக்கும்.” அவள் குழம்பினாள். “ஆனா இது அப்பிடி அணையேல்லையே?”

அதிகாரி மேசை லாச்சியை இழுத்து, அதேபோல இன்னொரு கறுப்புப் பெட்டியை வெளியே எடுத்தார். அதில் ஒரு பழைய வெள்ளைப் போன் சார்ஜர் கொழுவியிருந்தது. அவர் முகத்தில் வெட்கம்.

“இது என்ட. மகன்ட விளையாட்டுக் காரைத் திருத்துவம் எண்டு வாங்கின. அணைஞ்சு அணைஞ்சு எரியிறதப் பாத்து வீட்டில எல்லாரும் சிரிக்காங்க. கேக்கிறதுக்கு ஒரு ஆளில்ல.”

அப்பாடா! தயாளினிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவருடைய பெட்டியைச் சார்ஜரிலிருந்து கழற்றித் தன் பவர் பாங்கில் கொழுவினாள். திரையில் இருபது வோல்ட் என்று வந்து அசையாமல் நின்றது.

“பெட்டியில ஒரு பிழையும் இல்ல, சேர். இந்தச் சார்ஜரை விட்டிட்டு, லப்டொப்புக்குக் குடுக்கிற சி டைப் சார்ஜர் ஒண்டு வாங்குங்கோ.” பிறகுதான் படகு நினைவுக்கு வந்தது. “சேர், என்ர பாஸ்? எப்ப கையெழுத்து வைப்பீங்கள்?”

அவர் ஒரு பைலுக்கு அடியிலிருந்து தாளை உருவி நீட்டினார்.

“அது நீங்க உள்ள வாறதுக்கு முதலே வெச்சாச்சு, தங்கச்சி. கையில தந்தா ஓடிடுவீங்களே!”