நிலவனின் பத்தியம்

ஃபாக்டரியில் லைன் சூப்பர்வைசரான அண்ணாதுரைக்கு அலுத்துவிட்டது. மகளுக்குக் கல்யாணம் நிச்சயமான சந்தோஷத்தில் லைனில் வேலை செய்யும் எல்லோருக்கும் பிரியாணி வாங்கி வந்திருந்தார். நிலவன் மட்டும் வெள்ளரிக்காய் டப்பாவைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தான்.

"ஒரு வாய் துன்னாத்தான் இன்னா?"

"வேணாம் சார். கல்லீரல்ல கொழுப்பு கீதுன்னு ஸ்கேன்ல சொல்லிட்டாங்க."

"நீதான் குடிக்கவே மாட்டியே."

"குடிக்காதவங்களுக்கும் வருது சார். நைட் ஷிப்ட்ல பரோட்டாவும் கூல்டிரிங்க்ஸுமா தள்ளினேன் இல்ல."

"எனக்குந்தான் கொழுப்புன்னாங்க. நான் இன்னா பட்டினியா கெடக்கறேன்?"

நிலவன் சிரித்து மழுப்பினான். சில மாதங்களாகவே இதே கூத்துதான். டீயில் சர்க்கரை கிடையாது. கம்பெனி பஸ்ஸிலிருந்து பாதி வழியிலேயே இறங்கி, பிள்ளைப்பாக்கத்தில் இருக்கும் வீட்டுக்கு நடந்தே போகிறான். உயிர்மேல் இவ்வளவு ஆசை ஒருத்தனுக்கு ஆகாது என்று அண்ணாதுரை மற்றவர்களிடம் பொருமினார்.

அடுத்த வாரம் நிலவன் முகமெல்லாம் சிரிப்பாக வந்தான்.

"கொழுப்பு கரைஞ்சிடுச்சு சார். ரெண்டு மாசம் லீவு வேணும்."

அண்ணாதுரைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சரியானவனுக்கு எதுக்குடா லீவு?"

"சரியானாத்தான் ஆபரேஷன்னு டாக்டர் சொல்லியிருந்தாரு சார். எம் பொண்ணுக்குப் பொறந்ததுலேர்ந்தே கல்லீரல் சரியில்ல. என்னுதுல ஒரு துண்டு வெட்டி அதுக்கு வைக்கப் போறாங்க."

"ஏன்டா இத்தன நாளா சொல்லல?"

"நான் தேறுவனான்னு எனக்கே தெரியலயே சார்."

"பாப்பாவுக்கு இன்னா வயசு?" என்று லீவு ஃபாரத்தை எடுத்துக்கொண்டே கேட்டார் அண்ணாதுரை.

"இப்பத்தான் தவழுது சார்."