எங்க ஆளுங்க

முதியோர் இல்லத்தின் நான்காம் எண் அறைக்குள் மகன் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நுழைந்தான். படுத்த படுக்கையான அப்பா, படுக்கையிலேயே வெளிக்குப் போயிருந்தார்.

"முதுகுப் புண்ணுல அசிங்கம் பட்டா சீழ் பிடிக்காதா? இப்படி மரம் மாதிரி நிக்கிறீங்களே."

"அதான் உடனே உங்களுக்குப் போன் போட்டோம் சார்," என்றாள் தலைமை நர்ஸ். "நாங்க அவரைத் தொடக்கூடாதுன்னு உத்தரவு."

"எந்த மடையன் போட்ட உத்தரவு?"

அவள் சேர்க்கைப் படிவத்தை நீட்டினாள். 'குடும்பப் பழக்கவழக்கம்' என்ற கட்டத்தில் நேற்று அவனே எழுதியிருந்தான்: 'எங்க ஆளுங்க மட்டும்தான் அப்பாவைத் தொடணும்.' கீழே அவன் கையெழுத்து.

"இங்க உங்க ஆளுன்னா நீங்க ஒருத்தர்தான் சார்." கையுறையை நீட்டினாள்.

அவன் இரண்டடி பின்வாங்கினான். "ஐயே, இதுக்கா எழுதினேன்? இதெல்லாம் நீங்கதான் பண்ணணும்."

நர்ஸ் கையுறையைத் தானே மாட்டிக்கொண்டாள். "லேசா ஒருக்களிச்சுக்குங்க ஐயா," என்று பெரியவரின் தோளைப் பிடித்தாள்.

வாசலுக்குப் போய்விட்ட மகன் அங்கிருந்தே குரல் கொடுத்தான்.

"சுத்தம் பண்ணி முடிச்சதும் சொல்லுங்க. சாப்பாடு ஊட்ட எங்க ஆளை அனுப்பறேன்."