நாற்பத்தோராம் நாள் கேசரி

காலையிலேயே கேசரிக் கிண்ணத்தோடு ஓடிவந்தாள் கோகிலவாணி.

"அக்கா, மொதல்ல வாயத் தொற!"

பக்கத்து வீட்டு ஜெயசுதாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. கோகிலவாணியின் கணவன் பழனி, குடியை விடுவதற்காகச் செல்போனில் ஒரு ஆப்பில் சேர்ந்திருந்தான். தினமும் அது கேட்கும் கேள்விக்குப் பதிலை அமுக்கவேண்டும். குடிக்காத நாட்களை அது எண்ணிக்கொண்டே வரும்.

"முந்தாநேத்து நாப்பதுன்னு சொன்ன. இப்ப நாப்பத்தொண்ணா?"

"நீயே பாரு!"

போனை வாங்கிப் பார்த்த ஜெயசுதா திடுக்கிட்டாள்.

"இன்னாடி, பூஜ்ஜியம்னு காட்டுது?"

"நேத்து சங்கராபுரத்துல கல்யாணம். குடிச்சிட்டு வந்துட்டாரு."

"அதுக்கா கேசரி கிண்டின? பைத்தியமாடி உனக்கு?"

"கேளுக்கா! 'இன்று குடித்தீர்களா?'ன்னு போன் கேட்டுச்சு. நாப்பது நாளும் வீணாப் போவுதேன்னு நான் 'இல்லை'ய அமுக்கப் போனேன். என் கையத் தள்ளிவுட்டு, அவரே 'ஆமாம்'னு அமுக்கினாரு!"

கோகிலவாணிக்கு மூச்சு வாங்கியது.

"தள்ளாடிக்கினு வந்து வாசல்ல வுழுந்தாகூட, 'குடிக்கவே இல்ல'ன்னு என் தலைல அடிச்சி சத்தியம் பண்ற ஆளுக்கா அவரு. கல்யாணமாயி பதினெட்டு வருசத்துல, குடிச்சேன்னு ஒத்துக்கினது நேத்துதான்!"