ஒன்பது நாள் விசாரணை

"இன்னிக்கும் வாயைத் திறக்க மாட்டீங்களா?" என்றாள் கினுயோ, மிசோ சூப்பைக் கணவரின் முன்னால் வைத்தபடி.

"வெளியில சொல்லக் கூடாதுன்னு சட்டம்" என்றார் எய்ஜிரோ.

"பொண்டாட்டிகிட்டகூடவா?"

"முக்கியமா பொண்டாட்டிகிட்டதான்."

அந்த நாட்டுச் சட்டப்படி, பெரிய வழக்குகளில் மூன்று நீதிபதிகளோடு பொதுமக்கள் ஆறு பேரும் உட்கார்ந்துதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். அதற்காக எய்ஜிரோவுக்கும் மட்சுயாமா கோர்ட்டிலிருந்து கடிதம் வந்திருந்தது. எழுபது வயது ஆனவர்கள், தங்களால் வர முடியாது என்று ஒரு வரி எழுதினால் போதும், விட்டுவிடுவார்கள். அவருக்கு எழுபத்தொன்று.

கினுயோ எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். "என் முட்டிவலியையாவது எழுதுங்க. வீட்டுல நோயாளி இருந்தாலும் விட்டுடுவாங்களாம்."

"முப்பது வருஷம் பஸ் ஓட்டினேன். ஒருத்தன்கூட என்னை அபிப்பிராயம் கேட்டதில்லை. இப்பக் கேக்கறாங்க, போறேனே" என்று கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இன்றோடு ஒன்பது நாள். காலை எட்டு மணிக்குப் போவார், சாயங்காலம் ஆறுக்கு வருவார். முதல் நாலு நாள் முகத்தில் ஒரு களை இருந்தது. அப்புறம் நாளாக ஆக வாடிப்போனார். சாப்பிடும்போது எதையோ சொல்ல வருவதும், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொள்வதுமாக இருந்தார்.

"பேப்பர்ல வருதே, பேக்கரிக்குத் தீ வெச்ச பையன். அந்தக் கேஸ்தானே?"

எய்ஜிரோ சூப்பை எடுத்துக் குடித்தார்.

"சரி, நீங்க சொல்ல வேண்டாம். நான் சொல்றதைக் கேளுங்க. அவன் அம்மா தினமும் வந்து கடைசி வரிசையில உக்காந்திருக்காளாம். அதைப் படிச்சதிலேர்ந்து எனக்கு மனசே சரியில்லை. அவன் செஞ்சது தப்புதான். அதுக்காகப் பெத்தவளுக்குப் பிள்ளை வேண்டாம்னு ஆயிடுமா? பார்த்து, கொஞ்சம் குறைச்சுப் போடுங்க."

எய்ஜிரோ கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்தார். பதினோரு வருடத்துக்கு முன் மகள் மிசாட்டோ இவர்கள் பேச்சை மீறி ஒரு பிரேசில்காரனைக் கட்டிக்கொண்டு போனாள். அன்றிலிருந்து அவள் பெயரைக்கூட இந்த வீட்டில் எடுக்கவிடாதவள் கினுயோ.

"இதை நேத்து சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார்.

"ஏன், தீர்ப்புச் சொல்லியாச்சா?"

"எனக்குத் தெரியாது."

"தெரியாதா? நீங்கதானே அங்க உக்காந்திருந்தீங்க?"

"கடிதம் வந்தவங்கள்லேர்ந்து ஆறு பேரைக் குலுக்கிப் போட்டுத்தான் எடுத்தாங்க. முதல் நாளே என் பேர் விழலை, கினுயோ. மத்தியானமே வீட்டுக்குப் போகச் சொல்லிட்டாங்க. வெளியில வரும்போது மிசாட்டோ போன் பண்ணினா. ஸ்டேஷன் பக்கத்து ஹோட்டல்ல மகளோட வந்து தங்கியிருக்கேன், அம்மா கூப்பிட்டா வீட்டுக்கு வர்றேன்னா. ஏழு வயசுல உனக்கு ஒரு பேத்தி இருக்கா."

கினுயோ கோட்டை எடுக்கப் போனாள்.

"பகல் முழுக்க அவங்களோட இருந்துட்டு, தினமும் உன்கிட்ட கேட்டுடணும்னுதான் வீட்டுக்குள்ள நுழைவேன். தைரியம் வரலை. இன்னிக்கு மூணு மணி விமானத்துல ரெண்டு பேரும் கிளம்பிப் போயிட்டாங்க."